உங்கள் கணினிக்குள் என்ன இருக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி மெதுவாகிவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போனால் பல இடங்களில் கிடைக்கும் பதில், "பழசாயிடுச்சு, புதுசா வாங்கிடுங்க" என்பதுதான். சில சமயம் அது உண்மை. பல சமயம் ஒரே ஒரு பாகத்தை மாற்றினால் போதும், இன்னும் நான்கைந்து வருடம் ஓடும். எந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால், கடைக்காரர் சொல்வது சரியா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வீட்டிலும் சிறிய அலுவலகத்திலும் விண்டோஸ் அல்லது லினக்ஸ் ஓடும் டெஸ்க்டாப், லேப்டாப்புகளை மனத்தில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

கேபினட்டைத் திறந்தால் உள்ளே என்னென்ன இருக்கும்?

பெரிய பலகையாகத் தெரிவது மதர்போர்டு. மற்ற எல்லாப் பாகங்களும் அதில்தான் வந்து சேரும். அதன்மேல் ஒரு விசிறிக்கும் உலோகக் கட்டிக்கும் அடியில் மறைந்திருப்பது பிராசசர், அதாவது சிபியு. நம் ஊரில் முழுப் பெட்டியையும் சிபியு என்றே சொல்கிறோம். அதனால் "சிபியு போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் பெட்டியையா, பிராசசரையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செலவு ரொம்பவே மாறும். பிராசசருக்குப் பக்கத்தில் செங்குத்தாகச் செருகியிருக்கும் ஒல்லியான அட்டைகள் ரேம். சேமிப்புக்கு ஹார்ட் டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ இருக்கும். மூலையில் தனிப் பெட்டியாக, ஒயர்கள் கொத்தாக வெளியே வருவது எஸ்எம்பிஎஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை.

லேப்டாப்பிலும் இதே பாகங்கள்தான். எஸ்எம்பிஎஸ்ஸின் இடத்தில் வெளியே ஒரு அடாப்டரும் உள்ளே ஒரு பேட்டரியும் இருக்கும். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள், பின்னால் கூட்டவே முடியாது. வாங்கும் முன் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது.

பவர் பொத்தானை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது?

இந்த வரிசை தெரிந்தால், பழுது எங்கே என்பது பாதி தெரிந்த மாதிரி. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பொத்தானை அழுத்தியதும் எஸ்எம்பிஎஸ் முழுமையாக வேலை செய்யத் தொடங்கும். தன் வோல்டேஜ்கள் நிலைப்பட்டதும் "மின்சாரம் சரி" என்று மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். ஒரு வினாடிகூட ஆகாது. அந்த சிக்னல் வந்த பிறகுதான் பிராசசர் விழித்துக்கொள்ளும். அப்போது ரேமில் ஒன்றுமே இருக்காது, விண்டோஸ் எங்கே இருக்கிறது என்றும் பிராசசருக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரிதான்: 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே இருக்கும் இடம். அங்கிருந்து முதல் கட்டளையை எடு என்று இன்டெல், ஏஎம்டி பிராசசர்களில் வன்பொருளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த முகவரி மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய ஃபிளாஷ் சிப்புக்குப் போய்ச் சேரும். சிப்பில் இருக்கும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோது இதற்கு பயாஸ் என்று பெயர். இன்றைய கணினிகளில் இருப்பது யூஇஎஃப்ஐ, ஆனால் பேச்சு வழக்கில் இன்னும் பயாஸ்தான்.

ஃபர்ம்வேர் முதலில் ரேமைத் தயார் செய்யும். பிறகு திரை, விசைப்பலகை, டிஸ்க் எல்லாம் பதில் சொல்கின்றனவா என்று பார்க்கும். அதன் பின் டிஸ்க்கில் இருக்கும் பூட்லோடர் என்ற சிறு தொடக்க நிரலைத் தேடிப் பிடித்து ரேமில் ஏற்றும். பூட்லோடர் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை ஏற்றும். கெர்னல், ஒவ்வொரு பாகத்தையும் இயக்கத் தெரிந்த சிறு மென்பொருள்களான டிரைவர்களை ஏற்றும். கடைசியாகத்தான் பாஸ்வேர்டு கேட்கும் திரை.

இப்போது இதைப் பழுதோடு பொருத்திப் பாருங்கள். விசிறியும் சுற்றவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால் மின்சாரப் பக்கம் கோளாறு: பிளக், ஒயர், எஸ்எம்பிஎஸ், சில சமயம் பொத்தானே. விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது என்றால் முதல் சந்தேகம் ரேம் மேல். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி செருகும் பழக்கம் நம் ஊர்க் கடைகளில் ரொம்ப நாளாக உண்டு. பற்களில் படிந்த அழுக்கு போவதால் நிறைய முறை அதுவே போதுமானதாகிவிடுகிறது. கம்பெனி லோகோ வந்து "பூட் செய்யும் டிஸ்க் இல்லை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால் டிஸ்க்கையோ அதன் கேபிளையோ பாருங்கள். லோகோவுக்குப் பிறகு வட்டம் சுற்றிச் சுற்றித் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் மென்பொருள் பக்கம்: டிரைவர், பாதியில் நின்ற அப்டேட், கெட்டுப்போன சிஸ்டம் கோப்பு. இந்தக் கடைசி வகைக்கு மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏன் என்று விளக்கம் கேளுங்கள்.

ஷட் டவுன் செய்து திறந்தாலும் போகாத கோளாறு, ரீஸ்டார்ட் செய்தால் போய்விடுகிறதே?

விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் செய்யும்போது கெர்னலை முழுதாக மூடாமல், அதன் நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்துத் தொடரும். திறப்பது சீக்கிரம் நடக்கும். ஆனால் குழம்பிப்போன டிரைவரும் அதே குழப்பத்தோடு திரும்பி வரும். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பிரிண்டர் வேலை செய்யவில்லை, வைஃபை தெரியவில்லை என்றால் முதலில் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

ரேம் 8 ஜிபி, சேமிப்பு 512 ஜிபி என்கிறார்கள். இரண்டும் ஜிபிதானே?

அலகு ஒன்று, வேலை வேறு. ஒரு கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்கள், இன்னும் சேமிக்கவில்லை, கரண்ட் போய்விட்டது. போன எழுத்தெல்லாம் ரேமில் இருந்தவை. நேற்று சேமித்து வைத்த கடிதம் பத்திரமாக இருக்கிறது, அது டிஸ்க்கில் இருப்பது. பிராசசர் வேலை செய்வது ரேமில் இருப்பதை வைத்துத்தான். எந்தக் கோப்பைத் திறந்தாலும் அது டிஸ்க்கிலிருந்து ரேமுக்கு வந்தாக வேண்டும்.

ரேம் போதாமல் போனால் இயங்குதளம் டிஸ்க்கின் ஒரு பகுதியை ரேம் மாதிரி பயன்படுத்தத் தொடங்கும். டிஸ்க் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது என்பதால் அந்த நேரத்தில்தான் எல்லாம் நகராமல் நிற்கும். பிரவுசரில் இருபது டேப் திறந்ததும் மவுஸ் தடுமாறுவது இதனால்தான். "போட்டோக்களை அழித்தால் ரேம் காலியாகுமா" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆகாது. அதில் காலியாவது டிஸ்க்.

பழைய கணினி ஊர்ந்து ஊர்ந்து போகிறது. எதை முதலில் மாற்றலாம்?

ஹார்ட் டிஸ்க் இருக்கும் கணினி என்றால் முதல் மாற்றம் எஸ்எஸ்டி. இதை அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு மாற்றம் தரும் வித்தியாசம் வேறு எதிலும் கிடைக்காது.

ஹார்ட் டிஸ்க்குக்குள் உண்மையிலேயே ஒரு தட்டு சுற்றுகிறது. லேப்டாப்புகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. வேண்டிய தகவல் தட்டின் எந்தப் பக்கம் இருக்கிறதோ அது சுற்றி வரும்வரை தகவலைப் படிக்கும் ஊசி காத்திருக்க வேண்டும், அதற்கு முன் ஊசியும் சரியான வட்டத்துக்கு நகர வேண்டும். இவ்வளவும் சேர்ந்தால் ஒரு வினாடியில் நூறு வெவ்வேறு இடங்களைக்கூடத் தொட முடியாது. விண்டோஸ் திறக்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் சிதறிக் கிடக்கும் இடங்களிலிருந்து வர வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை, எல்லாம் சிப். சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் வரும் சாதாரண எஸ்எஸ்டிகூட ஒரு வினாடியில் பல்லாயிரம் இடங்களிலிருந்து படிக்கும். பிராசசர் அப்படியே இருக்க, கணினி திறக்கும் நேரம் நிமிடங்களிலிருந்து வினாடிகளுக்கு இறங்குவது இதனால்தான்.

உங்கள் கணினிக்கு இதுதான் பிரச்சினையா என்று காசு செலவழிக்காமல் பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். கணினி திணறும் நேரத்தில் அதில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் எஸ்எஸ்டி வேண்டும். மெமரி 90-ஐத் தாண்டி நின்றால் ரேம் வேண்டும். சிபியு 100-ல் நின்றால் எந்தப் புரோகிராம் அதைத் தின்கிறது என்று பட்டியலில் பாருங்கள். பெரும்பாலும் தேவையில்லாத ஒன்றாக இருக்கும், வைரஸாகவும் இருக்கலாம். மூன்றுமே குறைவாக இருந்தும் மெதுவாக இருந்தால் சூட்டைக் கவனியுங்கள். விசிறியில் தூசி அடைத்து, பிராசசருக்கும் அதன்மேல் உள்ள உலோகக் கட்டிக்கும் (ஹீட்சிங்க்) நடுவே உள்ள பேஸ்ட் காய்ந்துபோனால், பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாத மதியத்தில் மட்டும் மெதுவாகும் கணினி பெரும்பாலும் இந்த வகை.

எஸ்எஸ்டி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'எம்.2' என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. ஒரே வடிவத்தில் சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ என்ற அதைவிட வேகமான இணைப்பு வகையும் உண்டு. உங்கள் மதர்போர்டு எதை ஏற்கும் என்று தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் பல சமயம் சரியாகப் பொருந்தும், ஆனால் கணினிக்குத் தெரியாது.

எந்த ரேம் பொருந்தும்?

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் தலைமுறைகள், ஒன்றின் இடத்தில் ஒன்று போகாது. பற்களுக்கு நடுவே உள்ள வெட்டை ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் வைத்திருப்பதே தவறாகச் செருகாமல் இருக்கத்தான். லேப்டாப் ரேம் நீளத்தில் சிறியது, டெஸ்க்டாப்பில் போகாது. முடிந்தால் ஒரு 8 ஜிபியை விட இரண்டு 4 ஜிபி நல்லது. பிராசசர் இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் படிக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இது கண்ணுக்கே தெரியும், ஏனென்றால் அங்கே திரைக்கான வேலையும் அதே ரேமில்தான் நடக்கிறது.

32 பிட் விண்டோஸ் ஓடும் கணினியில் ரேமை 4 ஜிபிக்கு மேல் கூட்டிப் பயனில்லை. அந்த விண்டோஸ் அதற்கு மேல் பயன்படுத்தாது. பிராசசர் 64 பிட்டாக இருந்தும் 32 பிட் விண்டோஸ் போட்ட பழைய கணினிகள் நிறைய இருக்கின்றன, அவற்றில் முதலில் இயங்குதளத்தை மாற்ற வேண்டும்.

ஐ7 எப்போதும் ஐ5-ஐ விட வேகமானதா?

இல்லை. விளம்பரங்களில் ஆள் ஏமாறுவது இங்கேதான் அதிகம். 2016-ல் வந்த இன்டெல் ஐ7-7500யு பிராசசரில் 2 கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் 2 மையங்கள். அடுத்த ஆண்டு வந்த ஐ5-8250யு-வில் 4 கோர். பல வேலைகளில் இந்த ஐ5 அந்த ஐ7-ஐத் தாண்டிப் போகும். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரிக்கும் பட்டியலிலும் இந்த ஐ5 இருக்கிறது, அந்த ஐ7 இல்லை. கோடுக்குப் பிறகு வரும் எண்ணின் தொடக்கம் தலைமுறையைச் சொல்லும்: 7500 ஏழாவது, 8250 எட்டாவது, 12450 பன்னிரண்டாவது. கடைசி எழுத்து 'யு' என்றால் மின்சாரம் குறைவாக எடுக்கும் லேப்டாப் வகை, 'ஹெச்' என்றால் வேகம் அதிகமான லேப்டாப் வகை.

ஏஎம்டியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ரைசன் 5 7520யு விற்பனைக்கு வந்தது 2022-ல், ஆனால் அதன் உள் வடிவமைப்பு 2019-ல் அறிமுகமான ஜென் 2. அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்கிறது. "ஐ7 லேப்டாப், பாதி விலை" என்று யாராவது பழையதைக் காட்டினால் முழு எண்ணையும் எழுதி வாங்குங்கள், பிறகு பேசலாம்.

கிராபிக்ஸ் கார்டு தனியாக வேண்டுமா?

கேம், வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வடிவமைப்பு, வீட்டிலேயே செயற்கை நுண்ணறிவு மாடல் ஓட்டுவது, இவற்றில் ஏதாவது செய்தால் வேண்டும். டேலி, எக்செல், ஆன்லைன் வகுப்பு, படம் பார்ப்பது என்றால் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸே தாராளம். கார்டு போட்ட பிறகு மானிட்டர் கேபிளைக் கார்டில் செருக வேண்டும், மதர்போர்டில் இல்லை.

1 டிபி வாங்கினேன், 931 ஜிபி காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. தயாரிப்பாளர் 1,000-ஆல் பெருக்கிக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1,024-ஆல் வகுத்துக் காட்டுகிறது. இருப்பது அதே ஒரு லட்சம் கோடி பைட்தான்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது. எதனால்?

எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் மின் இரைச்சலை வடிகட்ட, ஒயர்களுக்கும் கேபினட்டுக்கும் நடுவே சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவை வழியே மிகக் கொஞ்சமான மின்சாரம் எர்த்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். எர்த் இணைப்பு இல்லாவிட்டால் அது போக வழியின்றி கேபினட்டிலேயே நிற்கும், நீங்கள் தொட்டதும் உங்கள் வழியாக இறங்கும். அடாப்டர் பிளக்கின் தடித்த மூன்றாவது காலை ஒடித்துவிட்டு இரண்டு ஓட்டை சாக்கெட்டில் செருகும் வீடுகளில் இது சகஜம். தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பெரிய கசிவு ஏதாவது ஏற்பட்டால் உயிரைக் காப்பாற்றப் போவது அந்த மூன்றாவது ஒயர்தான்.

ஒவ்வொரு முறையும் தேதி, நேரம் மாறிவிடுகிறது?

மதர்போர்டில் நாணயம் போன்ற ஒரு பேட்டரி இருக்கும். சிஆர்2032, 3 வோல்ட். தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள். தேதி தவறாக இருந்தால் இணையதளங்கள் "பாதுகாப்பில்லை" என்று மறுக்கும், பலர் அதை இன்டர்நெட் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இயங்குதளம், டிரைவர், அப்ளிகேஷன், இவை எப்படி வேறுபடுகின்றன?

நீங்கள் நேரடியாகப் பயன்படுத்துவது அப்ளிகேஷன்: பிரவுசர், வேர்டு, டேலி. அது டிஸ்க்கையோ பிரிண்டரையோ தானாகத் தொடாது. "இதை அச்சிடு" என்று இயங்குதளத்திடம் கேட்கும். யாருக்கு எவ்வளவு ரேம், எந்தக் கோப்பை யார் திறக்கலாம், பிராசசர் அடுத்து எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது இயங்குதளம். ஆனால் உங்கள் பிரிண்டர் மாடலுக்கு எந்தக் கட்டளை புரியும் என்பது அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்த சிறு மென்பொருள் டிரைவர். புதிதாக விண்டோஸ் போட்ட பிறகு சத்தம் வரவில்லை என்றால் ஸ்பீக்கர் கெடவில்லை, டிரைவர் இல்லை. டிரைவரை லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. என் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் முடிந்தன. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, செக்யூர் பூட் என்ற ஃபர்ம்வேர் பாதுகாப்பு வசதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், அப்புறம் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். வேகம் போதுமானதாக இருந்தும் இந்தப் பட்டியலால் மட்டும் வெளியே நிற்கும் கணினிகள் ஏராளம்.

அவற்றுக்கு லினக்ஸ் போடலாம். லினக்ஸ் மின்ட்டுக்குக் குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம், வசதியாக ஓட 4 ஜிபி. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு, வைஃபை, சத்தம் எல்லாம் சரியாக இருந்தால் பிறகு நிறுவலாம். தமிழ்நாட்டில் 2011 முதல் பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகள் பல வீடுகளில் இன்னும் பரணில் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் போட்டே கொடுத்தார்கள். அந்த லேப்டாப்புகளின் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டியும் எடை குறைந்த ஒரு லினக்ஸும் போட்டால் பாடம் படிக்க, தட்டச்சு பழக, நிரல் எழுதிப் பார்க்கத் தாங்கும். டேலி மாதிரி விண்டோஸ் மென்பொருளையே நம்பித் தொழில் செய்பவர்களுக்கு மட்டும் நான் லினக்ஸைச் சொல்ல மாட்டேன்.

பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. கணினிக்குள் எழுத்து என்று எதுவும் இல்லை, எண்கள்தான். எந்த எண் எந்த எழுத்து என்பது ஓர் ஒப்பந்தம். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்குப் பொதுவான ஒப்பந்தம் இல்லாததால், ஒவ்வொரு எழுத்துருவும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தது. பாமினி என்ற எழுத்துருவில் 'அ' இருப்பது ஆங்கில 'எம்' எழுத்தின் இடத்தில். வானவில்லில் வேறு அடுக்கு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அடியில் உள்ள ஆங்கில எழுத்துகள் அப்படியே தெரியும்.

எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, எழுத்துரு மாற்றும் மென்பொருளில் (கன்வெர்ட்டர்) கொடுத்தால் யூனிகோடாகக் கிடைத்துவிடும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. உங்கள் வீட்டிலோ சங்கத்திலோ பழைய மலர், வம்சாவளி, பத்திரம் ஏதாவது அந்தக் கால எழுத்துருவில் இருந்தால், விவரம் தெரிந்தவர்கள் இருக்கும்போதே மாற்றி வைத்துவிடுங்கள். புதிதாக எழுத விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, தனி மென்பொருள் தேவையில்லை.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

முக்கியமான கோப்புகளை வெளியே ஒரு பிரதி எடுங்கள். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி பல சமயம் ஒன்றுமே சொல்லாமல் நின்றுவிடும். பிராசசர் எண், ரேம் அளவு, டிஸ்க்கின் சீரியல் எண் மூன்றையும் படம் பிடித்து வையுங்கள். பாகத்தை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள்.

விண்டோஸ் 11 என்றால் இன்னொன்றும் உண்டு. நிறைய லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், பூட்டின் சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம்மில் இருக்கும். மதர்போர்டை மாற்றினால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும், அது இல்லாமல் கோப்புகளை யாராலும் எடுக்க முடியாது. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கடைக்குப் போகும் முன் அதைத் தேடி ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.